ஒருவர் வரலாறும் இருவர் வாழ்வும்

தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் உலகறியச் செய்த நூல்களை எண்ணப் புகுவோர், ராபர்ட் கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை விலக்கிவிட இயலாது. மலேசியத் தமிழரும் அந்நூலுக்குக் கடன்பட்டவரே. நம் இலக்கிய மேடைகளிலும் தமிழர் திருநாள் விழாக்களிலும் கால்டுவெல் பெயர் நன்றியுடன் எடுத்துரைக்கப்படுகிறது. லூபோக் சீனா போன்ற சிற்றூர்களில் வாழும் தமிழ் ஆசிரியரும், மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் வளர்ந்த தமிழ் மாணவரும் அப்பெயரை அறிவர்.

எனினும், நாம் அறிந்துள்ள கால்டுவெல் யார்? கையில் நூலேந்திய தனி மனிதர் ஒருவர். சென்னைக் கடற்கரையில், 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலையும் அவரைத் தனியராகவே காட்டுகின்றது. இந்திய அரசு 2010-இல் வெளியிட்ட அஞ்சல் தலையும் அவர் ஒருவருக்கே உரியது. ஆனால் அவர் வாழ்ந்த வாழ்வோ தனியர் வாழ்வன்று. நாற்பத்தேழு ஆண்டுகள் அவருடன் இல்லறம் நடத்திய எலிசா அம்மையார் அவ்வாழ்வின் பாதியாக இருந்தார். பணி செய்த மண்ணிலேயே முதுமை எய்தி, அம்மண்ணிலேயே அடங்கிய இத்தம்பதியரின் அன்றாட வாழ்வையும், அவர்கள் சென்றுவந்த பயணங்களையும் நம் வாழ்க்கை வரலாற்று இலக்கியம் எவ்வாறு நோக்கியிருக்கின்றது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நினைவுநூலின் இயல்பு

கால்டுவெல் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிவைத்த குறிப்புகளை, அவருடைய மருமகனார் ஜே. எல். வையாட் 1894-ஆம் ஆண்டில் சென்னையில் ஆங்கிலநூலாகப் பதிப்பித்தார். பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இந்நூலையே அடிப்படையாகக் கொண்டனர். தமிழில் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய 'கால்டுவெல் ஐயர் சரிதம்' பலரும் விரும்பிப் படித்த நூல். மிஷனரியை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'அம்மாள்' என்றும் அழைப்பது அக்காலத் தமிழ்க் கிறித்தவரிடை வழங்கிய மரபு. ஊரார் வாயில் ஐயரும் அம்மாளும் இணைந்தே வழங்கினர். நூலின் பெயராகும்போது ஐயர் மட்டும் நின்றார்.

மிஷனரி நினைவுநூல் என்னும் இலக்கிய வகைக்கென ஓர் இலக்கணம் உண்டு. கப்பலேறிய நாள், கரையிறங்கிய நாள், பட்டம் பெற்ற நாள், கட்டிய கோயில், திறந்த பள்ளி, மனம் மாறியோர் தொகை என அது நடைபோடும். தாயகத்தில் இருந்து பொருளுதவி செய்தவர்களுக்குக் கணக்குக் காட்டும் கடமை அதற்கு இருந்தது. ஆதலால் பணி பெரிதாகவும், வீடு சிறிதாகவும் அதில் தோன்றுதல் இயல்பே. குறை அந்நூல்களை எழுதினோரிடம் மட்டும் இல்லை. அவற்றை அவ்வாறே எடுத்தாண்டு, பணியின் வரலாற்றையே வாழ்வின் வரலாறாகக் கொண்ட நம்மிடமும் உண்டு.

எலிசாவின் தமிழ்

கால்டுவெல் 1838-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. அயர்லாந்தில் பிறந்து ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்து கற்றவர் அவர். தமிழை ஏடுகொண்டும் ஆசிரியரைக்கொண்டும் அவர் முயன்று கற்றார். எலிசாவின் நிலை வேறு. இவர் தென்திருவிதாங்கூரில், நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்னும் மிஷனரித் தம்பதியரின் மகள். 1822-ஆம் ஆண்டில் பிறந்தவர். தமிழ்ப்பேச்சைச் செவியில் கேட்டு வளர்ந்த குழந்தை அவர். பெற்றோர்க்கு வெளிநாடாக இருந்த மண், அவருக்குப் பிறந்த மண்.

இருவருக்கும் 1844-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருமணம் நிகழ்ந்தது. அன்றுமுதல் கால்டுவெல்லின் இல்லத்தில் தமிழ் இருவகையாக வழங்கிற்று எனலாம். ஒன்று, நூலறிவால் எய்திய தமிழ்; மற்றொன்று, நாவிலே வாழ்ந்த தமிழ். மக்கள் வழக்கிலுள்ள பேச்சுத்தமிழை நன்கறிந்த மனைவி, கணவரின் மொழித்தேர்ச்சிக்குத் துணைநின்றார். ஒப்பிலக்கணம் வெளிவந்தது திருமணம் நிகழ்ந்து பன்னிரண்டாண்டுகள் கழித்தே என்பதையும் கருத வேண்டும். செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் வேறுபாட்டை அந்நூல் விரிவாக ஆராய்கின்றது. ஏட்டில் உள்ள வடிவத்தையும் வாயில் வழங்கும் வடிவத்தையும் ஒப்புநோக்கும் அறிஞர் ஒருவருக்கு, பேச்சுவழக்கைப் பிறவியிலிருந்து அறிந்த ஒருவர் அடுக்களையிலும் முற்றத்திலும் நாள்தோறும் உடனிருத்தல் சிறு பேறன்று. நூலின் முகப்பேடு ஒருவர் பெயரையே தாங்குகின்றது. அது நூலுலகின் முறை. வாழ்க்கை வரலாறு எழுதுவோன் அம்முகப்பேட்டோடு நின்றுவிடல் ஆகாது.

விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியில், ஹென்றி பவர் தலைமையேற்ற குழுவிலும் கால்டுவெல் இடம்பெற்றிருந்தார். படிப்போர் நாவுக்கு இசையும் தமிழ் எது, இசையாத தமிழ் எது என்னும் வினா அவருக்குக் காலமெல்லாம் இருந்துவந்த வினாவாகும். அவ்வினாவுக்குரிய விடையில் ஒரு பங்கு அவர் வீட்டிலேயே இருந்தது.

தேரிமண்ணில் அன்றாடம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அண்மையில் அமைந்த இடையன்குடி செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர். மழை அரிது; வெயில் கொடிது; நிழல் தருவது பனையே. பதநீர் இறக்கும் பருவத்தில் ஆடவர் விடியுமுன் மரமேறுவர். பெண்டிர் கருப்புக்கட்டி காய்ச்சுவர். கால்டுவெல் 1841-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வூரை அடைந்தார். தெருக்களை நேராக வகுப்பதும், கிணறு தோண்டுவதும், மரம் நடுவதும், பள்ளி நடத்துவதும் அவருடைய அன்றாட வேலைகளாயின.

மூன்றாண்டுக்குப்பின் அங்கு வந்த எலிசா, பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளியைப் பேணினார். தம் தாயார் மார்த்தா 1821-இல் நாகர்கோவிலில் தொடங்கிய ரேந்தை என்னும் லேஸ் பின்னல் தொழிலை இடையன்குடிப் பெண்களுக்கும் பயிற்றுவித்தார். இத்தொழிலைப் பொழுதுபோக்குக் கைவேலை என்று கருதி ஒதுக்குதல் பிழையாகும். நாகர்கோவிலில் ரேந்தை பின்னி ஈட்டிய கூலியைக்கொண்டு, அடிமைத்தளையில் கிடந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது என்பதை எண்ணினால், நூலிழையின் வலிமை விளங்கும். தன் கையால் ஈட்டிய காசு தன் கையிலேயே இருப்பது, இடையன்குடிப் பெண்ணுக்கும் புதிய செய்தியாக இருந்திருக்கும்.

ஏழு குழந்தைகளை ஈன்ற தாய் அவர். கணவர் சுற்றுப்பயணம் போகும்போது பள்ளியும், வீடும், நோயாளரும், வாயிலில் வந்து நிற்கும் ஊர்ப்பெண்டிரின் குறைகளும் அவர் பொறுப்பாயின. நாற்பதாண்டுக்கு மேலாகத் தமிழ்ப்பெண்களிடையே அவர் பணியாற்றினார். மிஷனரிமார் மனைவியர்க்கு அக்காலத்தில் தனிச் சம்பளம் கிடையாது. பதவிப் பெயரும் கிடையாது. பட்டியலில் இல்லாத ஊழியர் வரலாற்றிலும் இல்லாமற் போவது எளிதாயிற்று.

இடையன்குடித் தூய திரித்துவ ஆலயம் 1847-இல் அடிக்கல் இடப்பெற்று, 1880-இல் அர்ச்சிக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு கோயில் எழுந்தது. உள்ளூர்க் கொத்தர்க்குப் பழக்கமில்லாத கூர்மாட வளைவுகளைக் கால்டுவெல் களிமண்ணால் வடித்துக்காட்டி, அவற்றைப் பார்த்துக் கல்லில் செதுக்கச் செய்தார் என்பர். இளமையில் ஓவியம் பயின்ற கை அது. அடிக்கல்லிட்டபோது முப்பத்துமூன்று வயதினராக இருந்தவர், அர்ச்சிப்பின்போது அறுபத்தாறு வயது முதியவர். அக்கோயிலின் ஒவ்வொரு கல்வரிசையும் அத்தம்பதியர் வாழ்வில் ஓராண்டு எனக் கொள்ளலாம். பிள்ளைகள் பிறந்தனர், வளர்ந்தனர், பிரிந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் வந்து சென்றது. கோயில் உயர்ந்துகொண்டே இருந்தது. நம் நூல்கள் அடிக்கல்லையும் அர்ச்சிப்பையும் கூறுகின்றன. வாழ்வு இருந்தது அவ்விரண்டிற்கும் இடையில்.

நடையும் மலையேற்றமும்

பயணங்களைப் பற்றி நினைவுநூல்கள் விரும்பிப் பேசும். கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி வழியாகத் திருநெல்வேலிவரை நடந்தே சென்றது பலரும் அறிந்த செய்தி. மக்களையும் அவர்தம் பேச்சையும் அருகிருந்து அறிய வேண்டும் என்பதே அவர் நடந்ததன் நோக்கம். இந்நடை, மொழியறிஞனின் பயிற்சி. பிற்காலத்தில் பொருநை கடலொடு கலக்கும் பகுதியில் கொற்கையின் பழமையைத் தேடி அவர் மேற்கொண்ட அகழாய்வும் இவ்வகையைச் சார்ந்ததே. அதன் பயன் 1881-இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திர நூலில் சேர்ந்தது.

முதுமைக்காலப் பயணங்களோ வேறு வகையின. கால்டுவெல் 1877-இல் பேராயராக அருட்பொழிவு பெற்று, 1883-இல் இடையன்குடியைவிட்டுத் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். கோடையின் கொடுமைக்கு ஒதுங்கிய இடம் கொடைக்கானல். மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷனரிமார், தம்மவர் பலர் நோயால் மடிவதைக் கண்டு, 1845-இல் அம்மலைமீது இரண்டு இல்லங்களைக் கட்டினர். அதன்பின் அது மிஷனரிக் குடும்பங்களின் கோடைவாழிடமாயிற்று. அங்கு ஆங்கிலிக்கன் ஆலயம் எழுவதற்கும் கால்டுவெல் காரணமானார்.

அம்மலைக்கு மோட்டார்ச் சாலை முடிவுற்றது 1910-களில்தான். அதற்குமுன் அடிவாரம்வரை மாட்டுவண்டி. மேலே நடை, மட்டக்குதிரை, அல்லது ஆட்கள் தோளில் சுமந்துசெல்லும் நாற்காலி. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் மூன்றாவதே உரியது. மலையின் குளிர்காற்றையும் மலர்களையும் வருணிக்கும் பயணக்குறிப்பில், அந்நாற்காலியின் கீழ் இருந்த தோள்களுக்குப் பெயரில்லை. இங்கு நம் நாட்டு நிலையையும் நினைவுகூரலாம். பினாங்குக் கொடிமலையில் 1923-இல் இரயில் ஓடத் தொடங்குமுன், வெள்ளையர் இவ்வாறே ஆள்சுமந்த நாற்காலியில் மலையேறினர். தோட்டத்துத் துரைமார் பங்களா மேட்டின்மீதும், தொழிலாளர் லயங்கள் பள்ளத்திலும் அமைந்திருந்ததை நம்மில் மூத்தோர் கண்டுள்ளனர்.

இதனைச் சுட்டுவது அம்முதியவர்களைப் பழிப்பதற்கன்று. தேரிமண்ணில் நாற்பதாண்டுகள் உழைத்த உடல்களுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பவர் யார்? ஆனால் ஒருவர் உலா மற்றொருவர் சுமை என்னும் உண்மையையும் சேர்த்து எழுதினால்தான் அன்றாட வாழ்வு முழுமையாக எழுதப்பட்டதாகும்.

அருகிருந்தும் காணாமை

அன்றாடம் உடன்வாழ்தல் ஒன்றே மக்களை அறிவித்துவிடும் என்று கொள்வதும் தவறாகும். இதற்கும் கால்டுவெல் வாழ்வே சான்று. தாம் உடன்வாழ்ந்த நாடார் சமூகத்தைப் பற்றி 1849-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல், அம்மக்களைத் தாழ்த்தி உரைத்தது. அதனைப் படித்தறிந்த தலைமுறை எழுந்தபோது கடும் எதிர்ப்பும் எழுந்தது. பள்ளி தந்த எழுத்தைக்கொண்டே, பள்ளி தந்தவரின் எழுத்தை அவர்கள் மறுத்தனர். மொழியை அளந்தறிந்த கூரிய கண், மனிதரை நோக்கும்போது தன் காலத்தின் மேட்டிமையால் மங்கிற்று.

அந்நூல் வெளிவந்தபோது எலிசா அவ்வூர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் ரேந்தையும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கூரையின்கீழ் ஒருபுறம் ஒரு சமூகத்தைப் பற்றிய பழிப்புரை. மறுபுறம் அச்சமூகத்துப் பெண்களின் கையில் எழுத்தும் கூலியும். இம்முரண்பாடு அவ்வில்லத்தின் உண்மை. கால்டுவெல்லைத் தெய்வமாக்கும் எழுத்தும், அவரை முற்றும் வெறுத்தொதுக்கும் எழுத்தும் இம்முரண்பாட்டைத் தாங்கும் வலிமையற்றவை. வீட்டின் வரலாற்றை எழுதுவோன் மட்டுமே இரண்டையும் ஒருங்கே காண்பான்.

மலாக்கா தரும் சான்று

மிஷனரி இல்லத்தை உள்நாட்டார் ஒருவர் நோக்கி எழுதிய எழுத்தே இல்லையா என்று வினவலாம். உண்டு, அது நம் மலாக்காவிலேயே பிறந்தது. லண்டன் மிஷனைச் சார்ந்த வில்லியம் மில்ன், தம் மனைவி ரேச்சலுடன் 1815-இல் மலாக்காவிற்கு வந்தார். 1818-இல் ஆங்கிலச் சீனக் கல்லூரிக்கு அடிக்கல் இடப்பட்டது. ரேச்சல் 1819-இலும் மில்ன் 1822-இலும் மறைந்தனர். கால்டுவெல் தம்பதியர் போல முதுமை காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் கால்டுவெல் தம்பதியர்க்கு வாய்க்காத ஒன்று அவர்களுக்கு வாய்த்தது. அவர்கள் வாழ்வைக் கண்டெழுத முன்ஷி அப்துல்லா அருகில் இருந்தார்.

அப்துல்லாவின் முன்னோர் நாகூரில் வாழ்ந்து மலாக்காவிற்குப் பெயர்ந்தவர். அவர் குருதியில் தமிழும் கலந்திருந்தது. வணிகக் கணக்கிற்கு வேண்டும் என்று அக்கால மலாக்காவில் தமிழ் கற்பிக்கும் வழக்கம் இருந்ததையும், தாம் தமிழ் கற்றதையும் அவரே குறித்துள்ளார். மிஷனரிமார்க்கு மலாய் கற்பித்த அவர், மில்னிடம் ஆங்கிலம் கற்றார். 1849-இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் அவர் தன்வரலாற்றில், மிஷனரிமார் செய்தி வாசிப்போர் காணும் வண்ணம் இடம்பெற்றுள்ளது. மில்னின் நற்பண்பைப் போற்றும் அவரே, தாம்சன் என்னும் மற்றொரு மிஷனரி விவிலியத்தை மலாயில் ஆக்கியபோது மலாய் மரபுக்கு ஒவ்வாத தொடர்களைக் கைவிட மறுத்ததை மறையாமல் எழுதுகின்றார். தம் சமயத்தினின்று இம்மியும் பிறழாமல் இருந்துகொண்டே இப்போற்றுதலையும் இத்திருத்தத்தையும் அவர் செய்தார். சம்பளம் பெறும் மொழியாசிரியர், சம்பளம் கொடுப்பவரின் மொழியைக் குறைகூறி எழுதியது எளிய செயலன்று.

கால்டுவெல்லின் 1849-ஆம் ஆண்டுச் சிறுநூலும், அப்துல்லாவின் தன்வரலாறும் ஒரே ஆண்டில் அச்சேறியவை என்பது கருதத்தக்கது. ஒன்றில் மிஷனரி உள்நாட்டாரைப் பார்க்கின்றார். மற்றொன்றில் உள்நாட்டார் மிஷனரியைப் பார்க்கின்றார். முன்னது ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாக மதிப்பிட முயன்று வழுவியது. பின்னது மனிதரை ஒவ்வொருவராக, அவரவர் குணத்தோடும் குறையோடும் காட்டி நிலைத்தது. இடையன்குடியிலும் ஓர் அப்துல்லா இருந்திருப்பாரேல், எலிசா அம்மாளின் தமிழ் எத்தகையது, அவர் எதற்குச் சிரித்தார், எதற்குச் சினந்தார் என்பனவெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கும்.

நம் கடமை

இவ்வாராய்ச்சியால் நமக்குப் பயன் என்ன? மலேசியத் தமிழ் இலக்கியத்தில் வாழ்க்கை வரலாறு இன்னும் வளர வேண்டிய துறை. இதுவரை தலைவர், புரவலர், சங்கத்தோற்றுநர் ஆகியோரைப் பற்றியே மிகுதியும் எழுதிவந்துள்ளோம். அவ்வெழுத்தும் மிஷனரி நினைவுநூலின் இலக்கணத்தையே பின்பற்றுகின்றது. பிறந்த நாள், பதவியேற்ற நாள், கட்டிய மண்டபம், பெற்ற விருது என்று அது செல்லும். மனைவியின் பெயர் இறுதிப் பக்கத்தில் ஒருவரியில் வரும்.

தோட்டப்புறத்து வாழ்வோ இருவர் வாழ்வாகவே இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று கணவனும் மனைவியும் நிரை பிரித்துப் பால்மரம் வெட்டினர். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள் தாய். வாளியோடு திரும்பி வந்து அடுப்பு மூட்டினாள். தோட்டப்பள்ளி ஆசிரியர் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார், வழக்குத் தீர்த்தார், நாடகம் பழக்கினார். அவர் மனைவி ஊர்ப்பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார், பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்றார். ஆசிரியர் பெயர் பள்ளிமலரில் இருக்கும். அம்மையார் பெயரை அறிய, அவரிடம் தையல் கற்ற மூதாட்டியைத்தான் தேடிச்செல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டும், குடும்பங்கள் நகர்களுக்குப் பெயர்ந்தும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அத்தகைய மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

கால்டுவெல் 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் உயிர்நீத்தார். அவர் உடல் மலையினின்று இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு சென்று, தேரிமண்ணில் அவர் எழுப்பிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. எட்டாண்டு கழித்து 1899-இல் எலிசாவும் மறைந்து அவ்வூரிலேயே அவருடன் சேர்ந்தார். அவர்கள் வாழ்ந்த இல்லத்தைத் தமிழக அரசு நினைவில்லமாக்கியுள்ளது. அவ்வில்லத்தின் வாயிலில் நிற்பவர், ஒப்பிலக்கணம் எழுதிய மேசையை மட்டும் எண்ணாமல், ரேந்தை பின்னிய திண்ணையையும் எண்ணுதல் வேண்டும். கால்டுவெல் வரலாற்றை இனித் தமிழில் எழுதப் புகுவோர் அத்திண்ணையிலிருந்தும் ஓர் இயலைத் தொடங்குவாராக. நம் எழுத்தாளர் சங்கங்கள், தோட்டப்புறத்து முதிய தம்பதியரின் அன்றாட வாழ்வை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டெழுதும் பணியை மேற்கொள்ளுமாக. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கேட்கும் செவியும், இருவர் பெயரையும் எழுதும் நேர்மையும் வேண்டும்.